செந்துறையில் விட்டு வந்த போன்

தளம் திறக்காமல் போன காலையில் நான் லேபில் இருந்தேன். பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு டாக்டரின் கிளினிக்கை ஒட்டிய சின்ன லேப். வெறும் வயிற்றோடு வருகிறவர்களிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு மறுபடி வரச் சொல்லி அனுப்பிவிடுவேன். அவர்கள் இட்லி தின்று, கடைத்தெருவில் ஒரு சுற்று சுற்றித் திரும்பி வருவதற்குள் கிடைக்கிற இடைவெளி என்னுடையது. அதில் நான் போனில் கதை படிப்பேன்.

பெண்கள் எழுதி, பெரும்பாலும் பெண்களே படிக்கிற ஓர் இணையதளம் அது. கரூரில் இருக்கும் ஓர் அம்மா தனியாளாக நடத்திக்கொண்டிருந்தார். அவரை எல்லோரும் அட்மின் அக்கா என்போம். தொடர்கதையின் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் எபி என்று பெயர். எபி வந்ததும் கீழே வரிசையாகக் கருத்துகள் விழும். "சூப்பர் சிஸ்", "அடுத்தது எப்போ அக்கா", "இந்த மாமியாருக்கு ஒரு முடிவு கட்டுங்கள்" என்றெல்லாம் எழுதுவார்கள். நான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறவள். ஒருத்தி ஏன் அப்படிச் செய்தாள் என்று ஒரு பத்தி, இரண்டு பத்தி. அதற்குப் பதில் எழுதவென்றே சிலர் வருவார்கள். வீட்டில் நான் அவ்வளவு பேசுகிறவள் இல்லை. என் கணவர் உரக்கடையில் வேலை பார்க்கிறார். பகல் முழுக்க விவசாயிகளோடு பேசிவிட்டு, சாயங்காலம் பேச்சே வேண்டாம் என்று வந்து உட்காருவார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. குறையாக இதைச் சொல்லவில்லை.

கதைகளைத் தவிர அரட்டைக்கென்று ஒரு பகுதியும் தளத்தில் இருந்தது. பிள்ளைகளின் மார்க், மூட்டுவலி, நாத்தனார் கல்யாணம், கர்ப்பம் கலைந்தது, வேலை போனது என்று எல்லாம் அதில் வரும். யாரும் சொந்தப் பெயரில் இல்லை. பூவின் பெயரோ, ஆற்றின் பெயரோ, பறவையின் பெயரோ வைத்திருந்தோம். யார் எந்த ஊர், எந்தச் சாதி, என்ன வயது என்று பெரும்பாலும் தெரியாது. கேட்பதும் இல்லை.

அப்போது எல்லோரும் காத்திருந்தது ஒரே ஒரு கதைக்குத்தான். தேனிப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதிக்கொண்டிருந்தார். கல்யாணமான மூன்றாம் மாதம் காணாமல் போன கணவன், ஏழு வருஷம் கழித்து ஒரு மழைநாளில் வந்து கதவைத் தட்டுகிறான். அவள் உள்ளே நிற்கிறாள். திறப்பாளா மாட்டாளா என்பதோடு எபி முடிந்திருந்தது. திறக்கக் கூடாது என்று ஒரு கட்சி, காரணத்தையாவது கேட்கலாம் என்று ஒரு கட்சி. நான் எந்தக் கட்சியும் இல்லை. அவள் அடுப்பில் ஏதாவது வைத்திருப்பாள், முதலில் போய் அதை அணைப்பாள் என்று மட்டும் எழுதியிருந்தேன்.

அன்று காலை அடுத்த எபி வரவேண்டும். திறந்தால் வெள்ளைத் திரை. அடைய முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. லேபில் சிக்னல் சரியில்லை என்று வெளியே வந்து மாடிப்படியில் நின்று பார்த்தேன். அப்போதும் அதேதான். உள்ளே போய் அடுத்த ஆளுக்குக் கையில் ரப்பரைக் கட்டினேன்.

வாசகிகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. எபி வந்துவிட்டது என்று சொல்வதைத் தவிர அதில் அதிகம் பேச மாட்டார்கள். அன்று மதியம் போனை எடுத்தபோது படித்து முடிக்க முடியாத அளவுக்கு வந்து குவிந்திருந்தது. எனக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்று முதலில் கேட்டிருந்தார்கள். பிறகு போனை அணைத்துத் திறக்கச் சொல்லி ஒருவர். அரசாங்கமே மூடிவிட்டது என்று இன்னொருவர். கதையைத் திருடி வேறு இடத்தில் போடுகிறவர்கள் செய்த வேலை என்று ஒரு குரல் பதிவு, கோபமாக. அட்மின் அக்காவுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று ஒருத்தர் கேட்டதும் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் போடவில்லை. அந்த இடைவெளியில் ஒருவர் பூண்டுக் குழம்புப் படம் ஒன்றை அனுப்பி, தவறாக வந்துவிட்டது என்று அழித்தார்.

சாயங்காலம் மஸ்கட்டில் இருக்கிற ஒருத்தி, "எனக்குத் திறக்குதே" என்று எழுதினார். எல்லோரும் அவர்மேல் பாய்ந்தார்கள். விசாரித்ததில், முந்தின நாள் திறந்த பக்கம் அவர் போனில் அப்படியே நின்றிருக்கிறது, அவ்வளவுதான். "அதைத் தொடாதீங்க சிஸ், போனை ஆஃப் பண்ணாதீங்க, சார்ஜ்ல போட்டுட்டு இன்னொரு போன்ல படம் எடுங்க" என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவர் மகனுடைய போனை வாங்கி அந்த ஒரு எபியைத் துண்டு துண்டாகப் படம் எடுத்து அனுப்பினார். ஏற்கெனவே படித்ததுதான். ஆனாலும் எல்லோரும் மறுபடி படித்து, கீழே கருத்து எழுத இடமில்லாததால் குழுவிலேயே எழுதினார்கள்.

மறுநாள் தேனி ஆசிரியை ஒரு வரி போட்டார். "நான் நேரா தளத்துலதான் டைப் பண்ணுவேன். என்கிட்ட வேற காப்பி இல்ல."

அதற்கு அடுத்த நாள் அட்மின் அக்காவின் குரல் வந்தது. அழுதிருந்தார் என்பது கேட்டாலே தெரிந்தது. தளம் வெளிநாட்டில் ஒரு கம்பெனியின் சர்வரில் இருந்திருக்கிறது. அவர்கள் வேறு சர்வருக்கு மாற்றும்போது, எல்லோரும் மறுபடி ஒருமுறை உள்ளே வந்து உறுதி செய்ய வேண்டும் என்று மெயில் அனுப்பியிருக்கிறார்கள். இவர் பார்க்கவில்லை. மூடிவிட்டார்கள். இப்போது திறக்க வேண்டுமென்றால் ஓடிபி வரும். அது இவருடைய பழைய நம்பருக்குப் போகிறது. அந்த நம்பரை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

"அது இப்ப வேற யாருக்கோ குடுத்துட்டாங்கம்மா. போன் பண்ணேன். ஒருத்தர் எடுத்தாரு. நான் ஓடிபின்னு சொன்னதுமே திட்டிட்டு வச்சுட்டாரு. கம்பெனிக்காரங்க கொஞ்ச நாள்தான் வச்சிருப்போம், அப்புறம் அழிச்சிருவோம்னு எழுதிருக்காங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

அதற்குப் பிறகு நடந்தது சரியில்லை. பழைய நம்பர் பலரிடம் இருந்தது. ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். கெஞ்சினார்கள். திருச்சியிலிருந்து ஒருத்தர் போலீஸில் சொல்லுவேன் என்று மிரட்டிப் பார்த்தாராம். அந்த ஆள் ஒவ்வொரு நம்பராக பிளாக் செய்துகொண்டே போனார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கடைசியில் வழி கிடைத்தது லப்பைக்குடிக்காட்டில் இருந்த ஒருத்தியால். என் கருத்துகளுக்குத் தவறாமல் பதில் எழுதுகிறவர்களில் ஒருத்தி. கணவர் சவுதியில், தம்மாமில் கடை வைத்திருப்பதாக எப்போதோ எழுதியிருந்தாள். அவள் மத்தியான நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள். போனை எடுத்தது அந்த நம்பர்க்காரருடைய மனைவி. இவள் ஓடிபியைப் பற்றியே பேசாமல், தொந்தரவுக்கு மன்னிப்பு மட்டும் கேட்டிருக்கிறாள். அந்த அம்மா, நம்பரெல்லாம் போனில் சொல்ல மாட்டோம், நேரில் வந்து மூஞ்சியைக் காட்டினால் பேசலாம் என்றாராம். எந்த ஊர் என்று கேட்டதற்கு, செந்துறைப் பக்கம் என்று பதில்.

அவளுக்குத் துணையாகப் போக ஆள் தேடிக் குழுவில் உடனே கேள்வி வந்தது. "அரியலூர், பெரம்பலூர் பக்கம் யாருப்பா இருக்கீங்க?"

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் போன கோடையில், பெரம்பலூர் வெயிலைப் பற்றி ஒரு கருத்தில் எழுதிவைத்திருந்தேன். அதை யாரோ ஞாபகம் வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லேபுக்கு அரை நாள் லீவு சொன்னேன். லப்பைக்குடிக்காட்டுப் பெண் பஸ்ஸில் பெரம்பலூர் வந்துவிடுவதாகவும், கறுப்பு புர்காவும் பச்சைத் துணிப்பையும் அடையாளம் என்றும் சொல்லியிருந்தாள். புது பஸ் ஸ்டாண்டில் கறுப்பு புர்கா போட்டவர்கள் நிறையப் பேர் நின்றார்கள். ஒவ்வொருத்தர் கையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பின்னாலிருந்து, "அக்கா, நீங்கதான?" என்று ஒரு குரல்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"எழுதுற மாதிரியே நிக்கிறீங்க."

"எப்படி?"

"அவசரமே இல்லாம."

என்னைவிட மூத்தவளாக இருப்பாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். முப்பது வயதுகூட இருக்காது. அரியலூர் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். தளத்தில் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறோம். பஸ்ஸில் இருவருக்கும் பேச வரவில்லை. சாப்பிட்டாயா என்று நான் கேட்டேன், சாப்பிட்டேன் என்றாள். ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ரோட்டோரப் புளியமரங்கள் சாம்பல் பூசியிருந்தன. பாதி வழியில் அவளாக ஆரம்பித்தாள்.

"வூட்ல தையல் கிளாஸ்ல ஒரு அக்காவ பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். மாமியாருக்கு இதெல்லாம் சொன்னா புரியாது. தம்மாம்ல இருக்குற மச்சான்கிட்ட மட்டும் போன்ல சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"முன்ன பின்ன தெரியாத ஆளு வூட்டுக்கு எதுக்குப் போறீங்கன்னு சத்தம் போட்டாரு. அப்புறம், சரி போ, போயி சேந்ததும் போன் பண்ணுன்னாரு."

அரியலூரில் இறங்கி செந்துறை பஸ் பிடித்தோம். ஊருக்கு முன்னாலேயே ஒரு நிறுத்தத்தில் இறங்கச் சொல்லியிருந்தார்கள். ஹாலோ பிளாக்கில் கட்டிய, பூசாத வீடு. வாசலில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மா வாளியில் கை கழுவிக்கொண்டு வந்தார். எங்கள் இருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போட்டார்.

"நீங்க எந்த ஊரு, என்ன பண்றீங்க?"

சொன்னேன். லேபின் அடையாள அட்டையைக் காட்டினேன். அதை வாங்கி, போட்டோவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

உள்ளிருந்து அவருடைய கணவர் எழுந்து வந்தார். சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரி ஓட்டுகிறார். காலையில்தான் வேலை முடிந்து வந்து படுத்திருக்கிறார். தூக்கம் கலைந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது.

"ஏங்க, இந்த நம்பர வாங்குனதுலேர்ந்து எனக்கு நிம்மதி இல்லங்க. அக்கா இருக்காங்களா, அக்கா நல்லாருக்கீங்களான்னு ஒரே போனு. ஒரு பொம்பள போன எடுத்ததும், நான் யாருன்னுகூட கேக்காம, கொழந்த பொறந்துருச்சுக்கான்னு அழுவுது. நான் வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன். என்னங்க சொல்றது நானு?"

"என்ன சொன்னீங்க?" என்று என்னுடன் வந்தவள் கேட்டாள்.

"நல்லா இருக்கட்டும்மான்னேன். வேற என்ன சொல்ல முடியும்."

விஷயத்தைச் சொன்னோம். இணையதளம் என்றதும் அவருக்குப் பிடிக்கவில்லை. கதை என்றோம். கதைக்கு எதற்கு ஓடிபி என்றார். நியாயமான கேள்வி. நான் சர்வர், கம்பெனி என்று விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அது ஏமாற்று வேலை மாதிரிதான் கேட்டது. அவர் மனைவி குறுக்கிட்டார்.

"எங்க கொழுந்தனாருக்கு இப்புடித்தான் பேங்க்லேர்ந்து பேசுறோம்னு பேசுனாங்க. நல்லாத்தான் பேசுனாங்க. இருந்ததெல்லாம் போயிருச்சு. இந்த நம்பர்லதான் எங்க பேங்கும் இருக்கு, கேஸும் இருக்கு, ரேஷனும் இருக்கு. நீங்க நல்லவங்களாவே இருங்க. எங்களுக்கு எப்படித் தெரியும்?"

கொஞ்ச நேரம் எல்லோரும் மக்காச்சோளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மா, "அப்படி என்னதான் கதை அது?" என்று கேட்டார். லப்பைக்குடிக்காட்டுப் பெண் சொல்ல ஆரம்பித்தாள். தளத்தில் அவள் எழுதுவதெல்லாம் இரண்டு வரிதான். நேரில் அவ்வளவு நன்றாகச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காணாமல் போனவன் கதவைத் தட்டுகிற இடத்துக்கு வந்து நிறுத்தினாள்.

"அப்புறம்?"

"அதோட நின்னுருச்சுங்க. அதுக்குள்ளதான் மூடிட்டாங்க."

அந்த அம்மாவின் முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. "ஏழு வருசம் இவ என்ன பண்ணிச் சாப்ட்டா?" என்று மட்டும் கேட்டார். கதையில் அது சரியாக வரவில்லை என்று ஒப்புக்கொண்டோம். டெய்லரிங் என்று ஒரு இடத்தில் வந்தது, பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதன் பிறகு அவர் எழுந்து கணவரை உள்ளே கூட்டிப்போய் ஏதோ பேசினார். வெளியே வந்து என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஒண்ணு பண்ணுங்க. நம்பரச் சொல்றோம். ஆனா உங்க போன இங்க வச்சுட்டுப் போங்க. ஒரு வாரம் பாக்குறோம். எங்க கணக்குல ஒண்ணும் போகலன்னா வந்து வாங்கிக்கிங்க."

உடன் வந்தவள் தன் போனை நீட்டினாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவளுக்கு தினமும் தம்மாமிலிருந்து போன் வரும். அந்த ஒரு வாரம் அவள் வீட்டில் என்ன சொல்லிச் சமாளிப்பாள்? எனக்கு அப்படி யாரும் கூப்பிட மாட்டார்கள். என் போனைக் கொடுத்தேன்.

அவள் போனில் கரூரைப் பிடித்தோம். அட்மின் அக்கா அந்தப் பக்கம் பொத்தானை அழுத்தினார். லாரிக்காரரின் போன் ஒருமுறை ஒலித்தது. அவர் திரையை எங்களுக்குக் காட்டாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். மெசேஜில் என்ன எழுதியிருக்கிறது என்று மனைவி கேட்க, இங்கிலீஷில் இருக்கிறது என்று இவர் சொல்ல, இரண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கொண்டார்கள். பிறகு எண்களைச் சொன்னார். கரூரிலிருந்து, "நேரம் முடிஞ்சிருச்சுன்னு வருதும்மா" என்றார். மறுபடி அனுப்பச் சொன்னோம். இந்த முறை அவர் தயங்கவில்லை. ஒவ்வோர் எண்ணாக, வண்டி நம்பர் சொல்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

அந்தப் பக்கம் பொத்தான்களைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அட்மின் அக்கா அழ ஆரம்பித்தார்.

"ஏன் அழுவுது அந்தம்மா? கெடைக்கலயா?"

"கெடச்சிருச்சுங்க. அதான்."

"கெடச்சா எதுக்கு அழுவணும்?" என்றார் அந்த அம்மா. பிறகு எங்களுக்கு டீ போட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் போனைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அடகு வச்சுட்டு வந்தியா? கதைக்காகவா?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தார். என்ன கதை என்று கேட்டார். சுருக்கமாகச் சொன்னேன். "ஏழு வருசம் எங்க இருந்தானாம்?" என்றார். அது இன்னும் எழுதவில்லை என்றேன். மறுநாள் சாப்பிடும்போது, "எழுதிட்டாங்களா?" என்று அவராகவே கேட்டார். அந்த வாரம் முழுவதும் அப்படித்தான் கேட்டார்.

அந்த ஒரு வாரமும் தளம் வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. லேபில் ரத்தக் குழாய்கள் மெஷினில் சுழல்கிற நேரத்தில் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கஷ்டமாக இருந்ததா என்று கேட்டால், முதல் இரண்டு நாள் கை தானாகப் பையைத் தேடியது. அப்புறம் பழகிவிட்டது. அதுதான் எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்.

போனை வாங்கத் தனியாகப் போனேன். லாரிக்காரர் வேலைக்குப் போயிருந்தார். அந்த அம்மா போனைச் சேலைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தார். எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

"விடாம அடிச்சுக்கிட்டே இருந்துச்சுங்க. மொத நாள் எடுக்கல. அப்புறம் ஏதும் அவசரமோன்னு எடுத்தேன். எல்லாம் உங்காளுங்கதான். நான் நீங்கன்னு நெனச்சு நன்றி நன்றின்னுச்சுங்க. நான் இல்லம்மா, நான்தான் நம்பர் குடுத்த வூட்டுக்காரின்னேன். அதுக்கும் நன்றின்னுச்சுங்க. மெட்ராஸ்லேர்ந்து ஒரு பொண்ணு ரொம்ப நேரம் பேசுச்சு. அதுக்குக் கழுத்து வலியாம்."

"உங்களுக்குத் தொந்தரவாப் போச்சு."

"தொந்தரவெல்லாம் இல்ல. நல்லாத்தான் பேசுதுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "ஒருத்தருக்கும் வேல வெட்டி இல்லயா?"

நீங்களும் தளத்தில் சேர்ந்து படிக்கிறீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். கண் வலிக்கும் என்று சொல்லிவிட்டார். வரும்போது ஒரு பை நிறைய வேர்க்கடலை கொடுத்தனுப்பினார்.

பஸ்ஸில் உட்கார்ந்து தளத்தைத் திறந்தேன். திறந்தது. ஆனால் பழைய தளமாக இல்லை. கம்பெனிக்காரர்களிடம் ஒரு பழைய நகல்தான் இருந்திருக்கிறது. போன தீபாவளிக்குப் பிறகு வந்தது எதுவும் இல்லை. தேனி ஆசிரியையின் கதை பாதிக்கு மேல் காணோம். அரட்டைப் பகுதி முழுவதும் போய்விட்டது. அதை மட்டும் தனியாகச் சேமிக்கும்படி வைத்திருக்கவில்லை என்று அட்மின் அக்கா எழுதியிருந்தார். பல வருஷப் பேச்சு. லப்பைக்குடிக்காட்டுப் பெண்ணுக்கு முதல் கர்ப்பம் நிற்காமல் போன மாதம், நாங்கள் எல்லோரும் அவளுக்கு எழுதியதும், அவள் எங்களுக்கு எழுதியதும் அதில்தான் இருந்தன. "போனா போகுதுக்கா. அதத் திரும்பப் படிக்கணும்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல" என்று எனக்குத் தனியாக எழுதினாள். பிறகு அடுத்த வரியில், "நீங்க எழுதுனது மட்டும் இருந்திருக்கலாம்" என்று எழுதியிருந்தாள். என்ன எழுதினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவளிடம் கேட்கவும் இல்லை.

தேனி ஆசிரியை காணாமல் போன அத்தியாயங்களை ஞாபகத்திலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தார். அங்கேதான் சண்டை வந்தது. இது முதலில் இப்படி இல்லை என்றார்கள் வாசகிகள். அந்த மாமியார் கோயிலில் வைத்துத்தான் உண்மையைச் சொன்னாள், ஆஸ்பத்திரியில் இல்லை. நாயகி அப்போது அழவில்லை, இப்போது எதற்கு அழுகிறாள்? எழுதியவருக்கே சொல்லிக்கொடுத்தார்கள். மஸ்கட்காரர் தன் படங்களை எடுத்துப் போட்டு, பாருங்கள், அவள் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தாள், நீங்கள் இப்போது ஜன்னலில் நிற்க வைத்துவிட்டீர்கள் என்றார். ஆசிரியை பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "அப்ப எழுதுனப்ப எனக்கு அப்படித் தோணுச்சு. இப்ப இப்படித் தோணுது" என்றார். அது யாருக்கும் போதவில்லை. படிக்கிறவர்களுக்கு எழுதியவரைவிட நன்றாக ஞாபகம் இருந்தது, அல்லது அப்படி நம்பினார்கள். நானும்தான். அவள் அடுப்பை அணைக்கப் போனாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அது நானே எழுதிய கருத்து, கதையில் இருந்ததில்லை என்று உறைக்க இரண்டு நாள் ஆனது.

கொஞ்ச நாளில் அவர் வேறோர் ஆப்புக்குப் போய்விட்டார். அங்கே ஒவ்வோர் எபியையும் காசு கட்டித் திறக்க வேண்டும். தளத்திலிருந்து பாதிப் பேர் அவர் பின்னால் போனார்கள். அட்மின் அக்கா வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நானும் அங்கே போய் முடிவைப் படித்தேன். அவள் கதவைத் திறந்தாள். காரணம் கேட்டாள். அவன் சொன்ன காரணம் எனக்குச் சரியாகப் படவில்லை. கணவரிடம் சொன்னேன். "இதுக்கா ஏழு வருசம்?" என்றார். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் சாயங்காலங்களில் ஏதாவது பேசுகிற வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. மக்காச்சோளத்துக்குப் படைப்புழு மருந்து அடிப்பது பற்றி இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.

லப்பைக்குடிக்காட்டுப் பெண் குடும்ப விசாவில் தம்மாம் போய்விட்டாள். போகும் முன் பார்க்கலாம் என்று இருவரும் பேசிக்கொண்டோம். முடியவில்லை. பஸ்ஸில் ஏறினால் போய்விடக்கூடிய தூரம்தான். தினமும் எழுதுகிறோம், இரண்டு வரி அவள், இரண்டு பத்தி நான்.

அரட்டைப் பகுதியை அட்மின் அக்கா புதிதாகத் திறந்தார். சில நாட்கள் அதில் யாரும் எதுவும் எழுதவில்லை. பழைய ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது தெரிந்தது. பிறகு ஒருநாள் காலை, ஊர் குரும்பலூர் என்று சொல்லிக்கொண்டு புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். இங்கே என்ன பேசுவீர்கள் என்று கேட்டிருந்தாள். நீளமாக எழுத ஆரம்பித்தேன். இங்கே முன்பு என்னவெல்லாம் இருந்தது என்று ஒரு பத்தி ஆனதும் நிறுத்தி, எல்லாவற்றையும் அழித்தேன். எது வேண்டுமானாலும் பேசலாம் என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

மாமனாருக்குக் கண் ஆபரேஷன், நாளைக் காலையில் அழைத்துப் போகவேண்டும், வெறும் வயிற்றோடு போகணுமா சாப்பிட்டுப் போகணுமா என்று அவள் கேட்டாள். டாக்டரிடமே கேட்டுக்கொள்ளச் சொன்னேன். பிறகு, சர்க்கரை இருக்கிறதா அவருக்கு என்று கேட்டேன்.